மூக்கில் வைத்த பித்தளை

கதவை உடைத்துவிடுவது போலத் தட்டினீர்கள். நான் உடனே திறக்காததற்கு மன்னிக்க வேண்டும், சார். அப்போது ரிமோட் கார் ஒன்றின் ஷாக் அப்சார்பருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் விடக்கூடிய வேலை இல்லை அது. எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்து, காற்றுக் குமிழிகள் மேலே வந்து உடையும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு குமிழி தங்கினாலும் வண்டி குதித்து இறங்கும்போது ஒரு பக்கம் தொய்ந்துவிடும்.

"உள்ளதான் இருக்காரு சார், செருப்பு கிடக்கு பாருங்க" என்று உங்கள் காவலர் சொன்னது கேட்டது. கடைசிக் குமிழியும் உடைந்தபின் மூடியைத் திருகிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து திறந்தேன். வாசலில் நீங்கள், உங்களுக்குப் பின்னால் காவலர், அவருக்கும் பின்னால் சுவரைப் பிடித்தபடி என் தங்கை.

"ஒரு கையெழுத்துதாங்க. ரேடியோ சிக்னல் கட் ஆகி வண்டி கன்ட்ரோலை மீறிப் போயிடுச்சு. விபத்து. பந்தயம் நடத்துறவரும் அப்படித்தான் சொல்றாரு. நீங்களும் போட்டுட்டா வேலை முடிஞ்சுது" என்றீர்கள்.

போடலாம் என்றுதான் பேனாவை வாங்கினேன். ஆனால் 'வண்டியின் கோளாறு காரணமாக' என்று எழுதியிருந்தது. அந்த வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை.

"என் வண்டியில கோளாறு எதுவும் இல்ல சார்" என்றேன்.

துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தீர்கள். துக்கம் இல்லை, சார். நான் லிஃப்ட் பராமரிக்கும் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் என் போல்ட்டை நம்பித்தான் மாடிக்குப் போகிறார்கள். நான் கைவைத்த இயந்திரத்தில் கோளாறு என்று எழுதினால் அது பொய். பொய்யில் கையெழுத்துப் போட எனக்குப் பழக்கமில்லை. சிக்னல் அறுந்தால் அந்த வண்டி தானாகவே பிரேக் போட்டு நின்றுவிடும். அப்படி அமைத்தவன் நான். ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் ரிமோட்டை அணைத்துச் சோதித்துப் பார்ப்பவனும் நான். அன்றும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அதனால்தான் நீங்கள் வந்த அன்று மாலை என் வேலை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதையே இப்போது எழுதித் தருகிறேன்.

"பொம்மைக் கார்தானே, இது ஆளைக் கொல்லுமா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் கேட்பதுதான். மண் தடத்தில் ஓடும் பந்தய வண்டி, பக்கி என்போம் அதை. நீளம் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். எடை ஒரு கைக்குழந்தை அளவு. உள்ளே எரிபொருள் குடிக்கும் நிஜமான என்ஜின். நேர்ப் பாதையில் விட்டால் தெருவில் போகும் மோட்டார் பைக் தோற்றுப்போகும். என்ஜின் தலையில் தகடு தகடாக அடுக்கிய அலுமினியம் இருக்கிறதே, சூடு ஆறுவதற்காக வைத்தது, ஓடி முடித்ததும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் துள்ளிக் குதித்து மறையும். என் இடது மணிக்கட்டின் உட்புறத்தைப் பார்த்து, "பூனை பிராண்டிச்சா?" என்று உங்கள் காவலர் கேட்டார். வேலைத் தழும்பு என்றேன். இந்தத் தொழிலில் அதெல்லாம் சகஜம்.

இந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஓட்டுபவர்கள் எல்லோரும் உயரமான மேடையில் வரிசையாக நின்று ரிமோட்டைப் பிடித்திருப்போம். கீழே வண்டி கவிழ்ந்தால் யார் நிமிர்த்துவது? அதற்கென்று ஆள் கிடையாது. ஒரு சுற்றுப் பந்தயத்தை ஓட்டி முடித்தவர்கள் அடுத்த சுற்றில் தடத்துக்குள் இறங்கி நிற்க வேண்டும். மார்ஷல் என்போம். உன் வண்டியின் எண் என்னவோ, அந்த எண் போட்ட கம்பத்தருகே நீ நிற்பாய். கவிழ்ந்த வண்டியை ஓடிப்போய் நிமிர்த்துவாய். நிமிர்த்துமுன் எதிரே வருவது எது என்று பார்த்துக்கொள்வாய். எவ்வளவு பெரிய வெற்றியாளனாக இருந்தாலும் மார்ஷல் நிற்காமல் போனால் அன்றைய வெற்றி செல்லாது.

என் தங்கையின் கணவர் எப்போது எங்கே நிற்பார் என்பதை நான் தேட வேண்டியிருக்கவில்லை. வழக்கமே சொல்லிவிட்டது.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சிரித்த முகம். கல்யாணமாகி முதல் வாரமே என் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "மச்சான், எனக்கும் இந்தப் பைத்தியத்தைக் கொஞ்சம் ஒட்டவிடுங்க" என்றார். என்னிடம் நல்ல பெயர் வாங்கத்தான் வந்தார். அதில் தப்பில்லை. நானும் கற்றுக் கொடுத்தேன். கிளட்ச் எப்படி மாற்றுவது, எந்த மண்ணுக்கு எந்த டயர், எல்லாம்.

என் தங்கை சிறு வயதிலிருந்தே எனக்குக் கூடமாட நிற்பவள். குமிழி இல்லாமல் எண்ணெய் ஊற்ற என்னை விட்டால் அவளுக்குத்தான் வரும். ரிமோட்டை மட்டும் நான் கொடுத்ததில்லை. ஒருமுறை எனக்குத் தெரியாமல் ஓட்டி, முன் சக்கரத்தைத் தாங்கும் கையை முறித்து வைத்தாள். நான் அடிக்கவில்லை. எனக்குக் கை நீட்டும் பழக்கம் கிடையாது. அவள் கை விளிம்பில் இருந்தபோது இரும்பு டூல் பெட்டியை மூடினேன், அவ்வளவுதான். பிறகு மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டு, சக்கரத்தின் கை எப்படி முறிகிறது என்று விளக்கினேன். விளக்கம் கொஞ்சம் நீண்டது. அவளுடைய சுண்டுவிரல் இன்றுவரை முழுசாக நிமிராது. ஆனால் அதற்குப் பிறகு அவள் ரிமோட்டைக் கேட்கவே இல்லை. ஒரு தடவை புரிந்துகொண்டால் போதும் இல்லையா?

இந்தப் பந்தயப் பருவத்தில் மாப்பிள்ளை என்னை ஜெயிக்க ஆரம்பித்தார். முதல் தடவை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை அவர் வண்டி பெரிய மேட்டைத் தாண்டி இறங்கியதைக் கவனித்தேன். நான்கு சக்கரமும் ஒன்றாக, பூனை இறங்குவது போல இறங்கியது. துளி ஆட்டம் இல்லை. உள்ளே ஒரு குமிழி கூட இல்லை. கண்ணாடிக் கடைக்காரர் கைக்கு அது வராது. யார் கை என்று எனக்குத் தெரியாதா?

"என்ன மச்சான், முகம் வெளிறிப்போச்சு? இந்த சீசன் முடியறதுக்குள்ள உங்களுக்கு இன்னும் பெரிய ஷாக் இருக்கு" என்று சிரித்தார் மாப்பிள்ளை.

பக்கத்தில் நின்ற என் தங்கை அவர் முழங்கையைக் கிள்ளினாள். "சும்மா இருங்க, வாயை வச்சுக்கிட்டு."

இதெல்லாம் காரணம் இல்லை, சார். தோற்றதற்காகக் கொலை செய்கிறவன் நான் இல்லை. காரணம் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபோது சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டின் உட்புறத்தில் சிவந்த சூட்டுக் காயம். கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழேயும் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

"என்ன இது?"

"ஒண்ணுமில்லண்ணா. அடுப்புல பட்டுடுச்சு."

"கால்ல?"

"கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்து சிரித்தார். "உங்க தங்கச்சிக்குக் கை சும்மா இருக்காது மச்சான். நாலு தடவை பட்டாத்தான் புத்தி வரும்."

ஒரு பெண்ணுக்குச் சூடு போட்டுவிட்டு இப்படிச் சிரிக்கிறவனை என்ன செய்வது? அந்தக் காயத்தை நான் மறுபடி பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தங்கையிடமும் கேட்கவில்லை. கேட்டால் மறைப்பாள். பெண்கள் அப்படித்தான்.

வேலையை ஆரம்பித்தேன். அவசரப்படவில்லை.

முன் பம்பர் வழக்கமாக மெத்தென்ற பிளாஸ்டிக். மோதினால் வளையும். அதைக் கழற்றிவிட்டு, பழைய லிஃப்டிலிருந்து எடுத்த எஃகுத் தகட்டை அதே அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, கறுப்பு அடித்து மாட்டினேன். மூக்கில் ஒரு பித்தளைக் கட்டை. பறக்கும்போது மூக்கு தூக்காமல் இருக்கப் பலரும் கொஞ்சம் எடை வைப்பதுண்டு. நான் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். முன் எடை கூடியதால் முன் ஸ்பிரிங்கைக் கடினமாக்கினேன். கெட்டி எண்ணெய் ஊற்றினேன். மேலே வழக்கமான சிவப்பு வண்ணக்கூடு. பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

ஊருக்கு வெளியே கட்டி முடிக்காத ஒரு கிடங்கு இருக்கிறது. அங்கே மண்ணைக் குவித்து, தடத்தில் இருக்கும் பெரிய மேட்டைப் போலவே ஒன்றைக் கட்டினேன். குனிந்த மனிதனின் தலை எந்த உயரத்தில் இருக்கும் என்று நானே கண்ணாடி முன் குனிந்து பார்த்துக்கொண்டேன். அந்த உயரத்துக்கு ஒரு ஸ்டூல், அதன்மேல் தர்பூசணி. முதல் பழம் உருண்டு விழுந்ததே தவிர உடையவில்லை. மேட்டில் ஏறும்போது வேகம் போதவில்லை. கியரை மாற்றினேன். அடுத்த பழம் சுவர் வரை தெறித்தது. ஒரு தெருநாய் வந்து மண்ணில் கிடந்ததை நக்கியது. பழத்துக்கு எலும்பு கிடையாதே என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. நாய் குனிந்துதான் இருந்தது. சந்தேகமும் தீர்ந்தது. அதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுத்தான் வந்தேன். அப்படியே போட்டுவிட்டு வருகிறவன் இல்லை.

பந்தயத்தன்று மாப்பிள்ளை முதல் சுற்றில் ஓட்டினார், ஜெயித்தார். அடுத்த சுற்று என்னுடையது. வழக்கப்படி கீழே இறங்கினார். அவர் எண்ணுக்குரிய கம்பம் பெரிய மேட்டுக்கு அந்தப் பக்கம். போகிறபோது மேடையை அண்ணாந்து பார்த்தார்.

"மச்சான், கீழ நான்தான் நிக்கிறேன். பார்த்து ஓட்டுங்க."

"பார்த்துத்தான் ஓட்டுவேன் மாப்பிள்ளை" என்றேன்.

முதலில் ஒரு வண்டி அங்கே கவிழ வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பல் டாக்டரின் வண்டி போய்க்கொண்டிருந்தது. மேட்டைத் தாண்டி இறங்கும் இடத்தில் அதன் பின் சக்கரத்தை லேசாக உரசினேன். தலைகீழாகப் புரண்டது. "யோவ், கண்ணு தெரியல?" என்று டாக்டர் மேடையிலேயே கத்தினார். "சாரி டாக்டர்" என்றேன். பந்தயம் நடத்துகிறவரை நாங்கள் 'விசில்' என்று கூப்பிடுவோம். அவர் விசில் ஊதினார். தடத்தில் ஆள் இறங்குகிறார், மெதுவாக வா என்று பொருள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மாப்பிள்ளை விதிப்படி நடந்துகொண்டார் என்பதை நான் பதிவு செய்ய வேண்டும். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் கடக்கும்வரை காத்திருந்துதான் ஓடிவந்தார்; அதற்குள் என் வண்டி தடத்தைச் சுற்றிவந்து மறுபடி மேட்டை நெருங்கியிருந்தது. குனிவதற்கு முன் தலையைத் திருப்பி, மேட்டுக்கு வரும் வண்டி எது என்று பார்த்தார். சிவப்புக்கூட்டைப் பார்த்ததும் அது என்னுடையது என்று தெரிந்துகொண்டார். வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் ஒதுங்கி நின்றிருப்பார். மச்சான் தானே, தாண்டிக்கொண்டு போய்விடுவார் என்று முதுகைக் காட்டிக் குனிந்தார். அதையும் நான் கணக்கில் வைத்திருந்தேன்.

முழு வேகத்தில் மேட்டில் ஏற்றினேன். வண்டி பறக்கும்போது பிரேக்கைத் தொட்டால், சுழலும் சக்கரங்கள் நின்று மூக்கு கீழே சாயும். தொட்டேன். சாய்ந்தது. பித்தளை முன்னால் இழுத்துப் போனது.

சத்தம் நாயைவிடக் கனமாக இருந்தது. காதுக்குக் கீழே, தாடை சேரும் இடத்தில் தகடு இறங்கியது. அவர் முகம் மண்ணில் பதிய விழுந்தார். வண்டி அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. என்ஜின் நிற்கவில்லை, நானும் முடுக்கியை விடவில்லை. முள் முள்ளான பின் டயர் அவர் கன்னத்தின் மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. தோல், பிறகு பல், பிறகு சிவப்பு மண். கால்கள் கொஞ்ச நேரம் மண்ணை உதைத்தன. எல்லோரும் கத்தினார்கள். நான் ரிமோட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போனேன். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து முதலில் என்ஜினை நிறுத்தினேன். திறந்த வாயோடு என்ஜின் கிடந்தால் புழுதியை உறிஞ்சிவிடும். தலையை நிமிர்த்தியபோது எதிரே என் தங்கை மண்டியிட்டு, அவர் தாடையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது சேரவில்லை.

நான் செய்ததை நான்தான் செய்தேன். வண்டி, நான் சொன்னதைச் சரியாகச் செய்தது. கோளாறு என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். என் தங்கையை ஒருவன் துன்புறுத்தினான். அண்ணன் என்ற முறையில் நிறுத்தினேன். அவளும் ஒருநாள் புரிந்துகொள்வாள்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் அவள் பேசியதையும் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

அதுவரை கதவோரம் நின்றவள் மேஜைக்கு வந்தாள். அழவில்லை. கழற்றி வைத்திருந்த ஒரு பழைய என்ஜினை எடுத்து என் முன்னால் வைத்தாள். சட்டைக் கையைச் சுருட்டி, மணிக்கட்டை அதன் தகடுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். காயத்தின் கோடுகளும் தகடுகளும் சீப்பும் சீப்பும் போலப் பொருந்தின.

"காலைல நீ வேலைக்குப் போனப்புறம் தடத்துக்குப் போவோம். அவருதான் ஓட்டக் கத்துக்கொடுத்தாரு. ரிமோட்டை முதல்ல என் கையில கொடுத்ததே அவருதான். மார்ஷல் நின்னப்ப வண்டி கால்ல அடிச்சது. கவிழ்ந்ததைத் தூக்கினப்ப கையில சுட்டுது. அடுத்த மாசம் உன்கூட நான் ஓட்டறதா இருந்தேன். அதான் அவரு சொன்ன ஷாக்."

வீட்டு விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் காயமும் ஒன்று போலத்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் இடது கையைப் பிடித்துத் திருப்பி, தன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். நிமிராத சுண்டுவிரல் என் தழும்பின் மேல் ஊர்ந்தது.

"உன் கையிலயும் இதே கோடுதானே இருக்கு, அண்ணா. பார்த்தவுடனே உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"