பதினான்காவது சோதனை

கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் முதலில் அதன் வேகத்தை விசாரிப்பார்கள். நான் விசிறியைத்தான் பார்ப்பேன். தொழில் அப்படி. பத்தொன்பது வருடமாக மின்விசிறித் தொழிற்சாலையில் சத்தப் பரிசோதகனாக இருக்கிறேன், மேடம். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்த ஓர் அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு விசிறி. அது சுற்றும், நான் கேட்பேன், சரி அல்லது சரியில்லை என்று தாளில் எழுதுவேன். நான் சரி என்று அனுப்பிய விசிறி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

வாக்குமூலம் எழுத நீங்கள் கொடுத்த தாளில் கோடு இல்லை. நானே ஸ்கேல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். படிக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும்.

என் மனைவி வீட்டிலிருந்தே இசையமைப்பவள். விளம்பரம், குறும்படம், நாட்டியக் குழு என்று யார் கேட்டாலும் செய்து கொடுப்பாள். பின்னறையில் ஒரு கீபோர்டு, ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர், ஒரு பழைய கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டர் சதா இரைந்துகொண்டே இருக்கும். அவள் மைக்கில் பாடினால் அதன் இரைச்சலும் சேர்ந்து பதிவாகும். பத்து வாத்தியத்தை ஒன்றாக ஒலிக்கவிட்டால் திக்கித் திணறி நின்றுவிடும். "நான் பாடுறதை இது பதிவு பண்ணலைங்க. இது பாடுறதைத்தான் நான் பதிவு பண்ணிட்டிருக்கேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அப்போதெல்லாம் நிறையச் சிரிப்பாள்.

நானே புதிதாக ஒன்று சேர்த்துத் தருகிறேன் என்றேன். இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. கேபினெட்டின் உள்பக்கம் முழுக்க ரப்பர் விரிப்பு ஒட்டினேன். சாதாரணமாக வைப்பதைவிடப் பெரிய விசிறி வைத்து, பாதி வேகத்தில் சுற்றவிட்டேன். காற்று அதே காற்று, சத்தம் மட்டும் வராது. பிறகு சோதனைகள். மெமரியை ஒரு பகல் முழுக்க எழுதி அழிக்க வைத்தேன். பிராசசரை மூன்று மணி நேரம் முழு மூச்சில் ஓடவிட்டுச் சூட்டை அளந்தேன். எண்பது வாத்தியங்களை ஒரே நேரத்தில் ஒலிக்க வைத்து, கீபோர்டில் விரல் பட்டதற்கும் காதில் சத்தம் விழுந்ததற்கும் நடுவே எவ்வளவு தாமதம் என்று பார்த்தேன். மொத்தம் பதின்மூன்று சோதனைகள், பதின்மூன்றும் சரி.

சோதனைத் தாளை கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவுக்கு உள்ளே ஒட்டினேன். நான் பரிசோதித்த பொருளுக்குள் என் தாள் இருக்க வேண்டும், அது என் பழக்கம். தாளின் அடியில் 'பயன்படுத்துபவர் கருத்து' என்று ஒரு கட்டம் உண்டு. அவள் கேபினெட்டின்மேல் காதை வைத்துக் கேட்டாள். 'சத்தமே இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் ஒரு பூவும் வரைந்தாள். பூவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவளுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. என்னைக் கூப்பிடவும் காரணம் கிடைக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை நின்றுபோகும். எட்டுத் தடவையும் "கொஞ்சம் வாங்களேன்" என்பாள். புதியது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து வேலை செய்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நாட்டியக் குழு, ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிக்கு முழு இசையையும் அவளிடம் ஒப்படைத்தது. அவள் இத்தனை வருடம் காத்திருந்த வாய்ப்பு அது. ஒருநாள் பின்னறை வாசலில் நின்று பார்த்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் நிற்பதே தெரியவில்லை. ஒரு மனுஷி தனியாக அவ்வளவு சந்தோஷமாக இருப்பது உடம்புக்கு நல்லதில்லை.

கொஞ்சம் ஓய்வெடு என்று சொல்லிப் பார்த்தேன். "இதோ, அஞ்சு நிமிஷம்" என்றாள். எத்தனையோ ஐந்து நிமிடங்கள் போயின. ஆகவே, அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காதும் காதும் வைத்தாற்போல் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். அவள் இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் வேலை செய்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். மேசையில் நகம் படுகிற அளவுக்குத்தான். பதிவில் விழாது, அவள் காதுக்கு மட்டும். பிறகு ஒரே சீராக இல்லாமல் அவ்வப்போது வரும். ஒரு நிமிடம் மவுஸை அசைக்காமல் இருந்தால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அதனால் அவள் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது வராது. வேறு யாரையாவது கூப்பிட்டுக் காட்டினாலும் வராது.

ஓய்வெடுக்கச் சொல்லும் மணி மாதிரிதான். அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் வாரமே கூப்பிட்டாள். "கொஞ்சம் வாங்களேன். டிக்குனு ஏதோ வருது." எத்தனை நாள் ஆயிற்று அந்த வார்த்தையைக் கேட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டு, கையை நிறுத்தாமல் வேலை செய்துகொண்டிருந்தாள். வந்தது.

"இப்ப கேட்டுச்சா?"

"என்ன?"

"டிக்குனு. இப்பதான்."

"இல்லையே."

அவள் என் முகத்தையே பார்த்தாள். ஒரு தொழிற்சாலையே நம்புகிற காது என்னுடையது. "உங்களுக்கே கேக்கலைன்னா அப்ப இல்லைதான்" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவள் சீக்கிரமே எழுந்து வந்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

வயர்களை மாற்றினாள், ஹெட்போனை மாற்றினாள். காது டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பரிசோதித்துவிட்டு, இவ்வளவு நல்ல காதை நான் பார்த்ததில்லை என்றார். கூட இருக்கிறவர்களுக்குக் கேட்கிறதா என்று என்னிடம் கேட்டார். கேட்கவில்லை என்றேன். அவர் மனநல டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கேயும் அதே கேள்வி, அதே பதில். முன்னுக்குப் பின் முரணாக நான் எப்போதும் பேசியதில்லை.

எந்தெந்த நேரத்தில் கேட்கிறது என்று குறித்து வரச் சொன்னார் அந்த டாக்டர். ஒரு மாதம் குறித்தாள், நாற்பத்திரண்டு. கம்ப்யூட்டரில் இருந்த கணக்கு நாற்பத்து மூன்று. விட்டுப்போன அந்த ஒன்று வந்தபோது நான் சமையலறையில் மிக்ஸி போட்டிருந்தேன். அவள் குறித்த தாள் டாக்டரிடம் இருக்கிறது, கம்ப்யூட்டர் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் தொழிற்சாலையில் இப்படிப்பட்ட காது ஒருவருக்கும் கிடையாது, என்னையும் சேர்த்து.

மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டும் சத்தம் நிற்காவிட்டால் அவள் பயந்துபோவாள் என்று பத்து நாள் அதை அணைத்து வைத்தேன். பத்து நாளும் சத்தம் இல்லை. மாத்திரை பிடித்துவிட்டது என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உடனே பழையபடி நாட்டிய நிகழ்ச்சி வேலையில் மூழ்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் மறுபடியும் போட்டேன். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். மறுபடியும் அணைத்தேன். இப்படி மூன்று தடவை. மூன்றாவது அளவுக்கு அவள் விரல்கள் நடுங்கத் தொடங்கின. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தப் போனால் இரண்டு சேர்ந்து அழுந்தின. நாட்டியக் குழுவை அவளே தொலைபேசியில் கூப்பிட்டு, "என்னால முடியலை, மன்னிச்சிடுங்க. என் காதை என்னாலயே நம்ப முடியலை" என்று சொல்லி வேலையைத் திருப்பிக் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிறகு நான்கு மாதம் நாங்கள் நன்றாகவே இருந்தோம். அவள் நிறையத் தூங்கினாள். நான் சமைத்தேன். பின்னறையைப் பூட்டி வைத்தோம்.

போன வாரம், கம்ப்யூட்டரை அந்த நாட்டியக் குழுவுக்கே கொடுத்துவிடலாம் என்றாள். ஒரு பொருளைக் கொடுப்பதென்றால் தூசி தட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அவள் பக்கவாட்டுக் கதவைக் கழற்றினாள். உள்ளே என் தாள். சோதித்த எதையும் எழுதாமல் விட எனக்கு வராது, மேடம். பதின்மூன்றுக்குக் கீழே நான் எழுதியிருந்தது இதுதான்: '14. டிக். இரண்டு மணி நேரத்துக்குப் பின். பதிவில் விழாது. நின்று கவனித்தால் வராது. மூன்று முறை சோதித்தது. சரி.'

தாளைக் கிழிக்காமல் பிரித்தெடுத்து வந்து என் டீக்கு முன்னால் வைத்தாள். நான் எழுதியதைச் சத்தமாகப் படித்தாள். அவள் அக்காவும் அன்று வந்திருந்தாள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்ப நான் கேட்டது நிஜமா?" என்றாள் மனைவி.

"நிஜம்தான். ஒண்ணே ஒண்ணுதான் விட்டுட்ட" என்றேன்.

பாராட்டாகத்தான் சொன்னேன். அவள் அழவில்லை. அக்காதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பாவி, இவ எத்தனை நாள் தனக்குப் பைத்தியம்னு நெனச்சு என் மடியில அழுதா தெரியுமா" என்றாள். தெரியும். அப்போதெல்லாம் அங்கே கூட்டிக்கொண்டு போய் விட்டதே நான்தான். மனைவி என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாளின் அடியில் தான் எழுதியிருந்த 'சத்தமே இல்லை' என்பதைக் குறுக்கே அடித்தாள். பூவையும் அடித்தாள். பக்கத்தில் 'கேட்டது' என்று எழுதி, புதிதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவோடு கிளம்பிப் போனாள்.

புகாரில் இருப்பது எல்லாம் உண்மை. செய்தது நான்தான், வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பத்தொன்பது வருடத்தில் என் தாளில் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை. அந்த விசிறிக்கு இன்றைக்கும் சத்தமே கிடையாது, வேண்டுமானால் ஓடவிட்டுப் பாருங்கள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் பழையபடி எழுதித் தரச் சொல்லுங்கள். மற்றபடி அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.