டிஷ் கம்பியில் ஒரு சிவப்புக் கோடு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். பாஷை தெரியாத நாட்டில் கடை போட்டேன், வீடு வாங்கினேன். டுசல்டோர்ஃபில் பாதித் தமிழர் வீட்டுப் பல்கனியில் டிவி டிஷ் பூட்டியதும் நான்தான். நேற்று ட்ராமில் முன் இருக்கைப் பெண் ஒருத்தி தோழியிடம் சொன்னாள்:

“ராசன் அண்ணை இல்லாட்டி ‘பிரிட்டிஷ் பட்டாளம்’ பாத்திருக்கவே ஏலாது, அக்கா.”

ஜெர்மனியில் இருக்கும் பிரிட்டிஷ் பட்டாளத்துப் பொலிஸைப் பற்றி லண்டன் சனலில் கிழமைக்கு ஒருக்கால் ஓடும் நாடகம் அது.

“ஏன், என்ன நடந்தது?”

“ஆர் சுட்டதெண்டு சொல்லப்போற நேரம், காத்துக்கு டிஷ் திரும்பிப் படம் போயிட்டுது. ராசன் அண்ணை பல்கனிக்குப் போய்க் கையாலை ஒரு திருப்பு. வந்திட்டுது.”

“இஞ்சினியர்தான் போங்கோ.”

“ஓம். வாற கிழமை கடைசிப் பகுதி. எல்லாரும் ராசன் அண்ணை வீட்டிலைதான், நீங்களும் வாங்கோ.”

அந்த டிஷ்ஷைப் பனியில் நின்று பூட்டியவன் நான். எவ்வளவு திருப்பவேண்டும் என்று கம்பியில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டவனும் நான். ராசன் கோட்டைப் பார்த்துத் திருப்பினான், அவ்வளவுதான்.

கடைசிப் பகுதி பார்க்கப் போகிறவர்கள் முதலில் பல்கனிக்குப் போய் அந்தக் கோட்டைப் பாருங்கள். பிறகு ராசனின் காதில் விழும்படி என் பெயரைச் சொல்லுங்கள்.