சரசக்கா வருவதாகச் சொன்ன ஞாயிறு

எங்கள் வக்கீல் ஆபீசில் காலையில் முதலில் வந்து ஜன்னலைத் திறப்பது நான்தான் சார். பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு மாடியில் இருக்கிறது. பழைய கேஸ் கட்டுகளின் தூசி போக ஒரு மணி நேரமாவது காற்று வேண்டும். பொம்மசந்திரா ஃபாக்டரிகளில் இருபது வருடம் லோடு ஏற்றி முதுகு போன பிறகு கிடைத்த வேலை. தமிழ் எழுதப் படிக்க நாற்பது வயசுக்கு மேல் சர்ச்சில் கற்றுக்கொண்டேன். ஆபீசில் வேறு யாருக்கும் தமிழ் எழுதத் தெரியாது. அதனால்தான் இந்த விஷயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

பாலகுமார் என்று ஒரு கட்சிக்காரர். அவர் மனைவி ஜெயலட்சுமி வீட்டை விட்டு வெளியேறி, புருஷன் தன் பக்கத்தில் வரக் கூடாது என்று கோர்ட்டில் மனு போட்டிருந்தார். எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பயத்தில் வெளியே தலை காட்டுவதில்லை என்று மனுவில் இருந்தது. அது பொய் என்று காட்ட, சந்தோஷமாக இருக்கிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் போதும் என்றார் பெரிய வக்கீல் சேஷகிரி சார். ஆனால் அந்த அம்மா தன் ஃபேஸ்புக்கைப் பூட்டி வைத்திருந்தார். நண்பர்கள் மட்டும்தான் உள்ளே பார்க்க முடியும்.

ஜூனியர் நரேஷ் சார் சரசு என்ற பெயரில் ஒரு கணக்கு திறந்தார், கார்மெண்ட்ஸில் வேலை செய்பவள் மாதிரி. "நமக்குத் தமிழ் பேசத்தான் வரும்ப்பா. நீ எழுது. உன் போன்லயே இருக்கட்டும்."

"பொம்பள மாதிரி நான் எப்படி சார் எழுதறது?"

"ஏன், வீட்ல பொம்பளையே பாத்ததில்லையா நீ?"

என் மனைவி ஆஞ்சலா இறந்து மூன்று வருடம். அவள் பேசுவது போலவே எழுதினேன். சாப்பிட்டியா கண்ணு, தலைக்கு எண்ணெய் வைக்கிறியா, தனியா உக்காந்து அழாத. பத்து நாளில் ஜெயலட்சுமி சரசக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது. "யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா, சந்தாபுராவுல இருக்கேன்" என்று ஒரு நாள் எழுதியது. மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது சிரித்த படம் ஒன்றும் அனுப்பியது. படத்தை நரேஷ் சாரிடம் கொடுத்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் எப்படி வந்தது என்று தெரிந்ததும் சேஷகிரி சார் முகம் வெளுத்துவிட்டது. "எதிர்த்தரப்பு ஆளுகிட்ட பொய்ப் பேர்ல பேசினியா? கோர்ட்ல கேட்டா என்னப்பா சொல்றது? நம்ம ஆபீசையே மூடிடுவாங்க." படத்தை வாங்கவே இல்லை.

நரேஷ் சார் என்னை ஜெராக்ஸ் மிஷின் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "கணக்கை அழிச்சிடு. வெளிய வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது. போன் உன்னுது, சிம் உன்னுது, எழுதினதும் நீதான்."

அன்றிலிருந்து கீழே போலீஸ் ஜீப் போனால் கக்கூசுக்குள் போய் நின்றுகொள்வேன். அந்த நேரம் பார்த்து ஜெயலட்சுமி, "ஒரு தடவ உங்கள நேர்ல பாக்கணும்க்கா" என்று எழுதியது. மறுத்தாலும், கணக்கை அழித்தாலும் சந்தேகப்படும். சந்தேகம் வந்தால் தன் வக்கீலிடம் சொல்லும். யோசித்தேன். புருஷன் பெண்டாட்டி சேர்ந்துவிட்டால் கேஸ் இல்லை. கேஸ் இல்லையென்றால் என் போனை யார் கேட்கப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை பத்து மணி, சந்தாபுரா பஸ் ஸ்டாப் என்று எழுதினேன். பாலகுமாருக்கும் சொன்னேன்.

"தேங்க்ஸ்ணா," என்றார். "ரெண்டு வார்த்த பேசணும், அவ்ளோதான்."

நம்பினேன். அவர் அந்தப் பெண்ணுக்குச் செய்தது, அது தமிழில் எழுதி மனுவோடு கொடுத்திருந்த வாக்குமூலத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டின் விவரத்தையும் எழுதியிருந்தது. கேஸ் கட்டுக்கு நூல் கோர்க்கும்போது இரண்டு தடவை படித்திருக்கிறேன். இருந்தாலும் நம்பினேன்.

நானும் போயிருந்தேன். எதிர்ப்பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஜெயலட்சுமி பஸ் ஸ்டாப் தூணை ஒட்டி நின்றது, கையில் ஒரு டிபன் டப்பா. பத்தேகால் ஆகியும் பாலகுமார் வரவில்லை. என் போனுக்குச் செய்தி வந்தது. "என்னவோ பயமா இருக்குக்கா. யாரோ பாக்கற மாதிரியே இருக்கு. கெளம்பட்டுமா?"

அப்போது போயிருந்தால் பிழைத்திருக்கும் என்கிறீர்கள். இருக்கலாம்.

"பயப்படாத கண்ணு, நான் இருக்கேன்ல. பஸ் திரும்புது, அங்கயே நில்லு" என்று எழுதினேன். "சரிக்கா" என்றது. நின்றது. ஆறு நிமிஷம் கழித்து பைக் வந்தது.

நான் கத்தியைத் தொடவில்லை சார். பாலகுமார் கொண்டுவருவார் என்று தெரியும், ஆனால் தொடவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு யாரும் இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் மனசு உடைந்துவிடுமே என்றுதான் நான் போனேன்.