கிழக்கே சாய்த்த துவக்கு

யானைகளோடு எனக்கு ஒரு பகையும் இல்லை, ஐயா. வயல் செய்கிறவன் இப்படிச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள்.

என் பெயர் நல்லரத்தினம். வீடு கிழக்கே எழுவான்கரையில், வயல் வாவிக்கு அப்பால் மேற்கே படுவான்கரையில். கதிர் முற்றினால் யானை இறங்கிவிடும். வெடி கொளுத்திப் போட்டால் இப்போதெல்லாம் அது காதைக்கூட ஆட்டுவதில்லை. ஒருமுறை வயல் வட்டையை உழுதபோது பொலித்தீனில் சுற்றிய துவக்கொன்று அகப்பட்டது. போர்க்காலத்தில் யாரோ புதைத்தது. ஒப்படைத்திருக்க வேண்டும். துடைத்து, எண்ணெய் பூசி, வைக்கோலுக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று பொழுது சாயும் நேரம். மேற்கு வரம்பில் ஒற்றைக் கொம்பன் நின்றது. அதன் தலைக்கு மேலால் சுட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையாரின் முகம் அல்லவா, கை தவறினால் பாவம். ஆகவே திரும்பி நின்று, துவக்கைக் கிழக்கே வாவிப் பக்கம் சாய்த்து, வெறும் ஆகாயத்துக்கு ஒரு வெடி வைத்தேன். யானை போய்விட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு தோணி ஏறினேன்.

வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் சனம் கூடியிருந்தது. அயல்வீட்டுக் கேதீஸ்வரி குசினியில் மீன் வெட்டக் குந்தியிருந்த இடத்திலேயே செத்துக் கிடந்தாள். உச்சந்தலையில் குண்டு. சற்று முன்னர்தான் அவளுக்கும் புருஷன் பிரதீசுக்கும் சண்டை நடந்ததாம். குந்தியிருந்தவளை அவன் நின்றபடி சுட்டான் என்று பொலிசார் முடிவுகட்டினார்கள். துருப்பிடித்த கூரைத் தகரம் முழுக்க ஓட்டை என்பதால் ஒருவரும் மேலே பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஒன்று மட்டும் புதிய ஓட்டை.

நேர் மேலே சுட்ட குண்டு உச்சியில் நின்று, புரண்டு புரண்டு, வேகம் கெட்டு விழுமாம். சாய்த்துச் சுட்டது நிற்பதில்லை. மூக்கு முன்னே இருக்க, ஆளைக் கொல்லும் வேகத்தோடு தூரத்தில் போய் இறங்கும். இதையெல்லாம் பிறகுதான் போனில் படித்தேன்.

பிரதீசை ஜீப்பில் ஏற்றும்போது என்னைக் கண்டு நின்றான். "அண்ணே, நான் துவக்கக் கையால தொட்டதுமில்ல. நீங்களாச்சும் சொல்லுங்க."

"பாப்பம் தம்பி" என்றேன்.

அவன் துவக்கை வாவியில் எறிந்திருப்பான் என்று பொலிசார் தேடியபோது தோணி வலித்தவன் நான்தான். அவர்கள் கேட்டார்கள், மறுப்பது மரியாதையில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அயலவர்கள் சேர்ந்து செத்த வீட்டைத் திருத்திக் கொடுத்தோம். கூரை வேலையை நான் எடுத்தேன். அந்தத் தகரத்தைக் கழற்றிப் புதியது போட்டேன். மழை வந்தால் ஒழுகும். பழையதை வாவியில் அமிழ்த்தினேன். கேதீஸ்வரியின் தாய் சீதேவிப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நீதான் மனே எனக்குப் பிள்ளை" என்றாள். இன்றைக்கும் அந்தக் கையைக் கழுவினால் போதாது போலிருக்கிறது.

வழக்கில் என்னையும் விசாரித்தார்கள். புருஷனும் பெண்சாதியும் சண்டை பிடிப்பார்களா என்றார்கள். ஓம் என்றேன். உண்மைதானே.

போன கிழமை பிரதீஸ் மறியல் சிறையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அதனால்தான் இன்று பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன், ஐயா. கேதீஸ்வரியைக் கொன்றது என் குண்டு. முன்பே சொல்லியிருந்தால் அவன் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்திருப்பான். அதை மட்டும் என்னால் தாங்கியிருக்க முடியாது. மற்றபடி, நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை.