டிட்டோவின் கடைசி ஓட்டத்தில் வந்த இரண்டு வண்டிகள் பற்றி

பெயர் வெர்னா ஹோஸ்டெட்லர். வயது எழுபத்தொன்று. ஓய்வு பெற்ற உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை. திருமணம் ஆகவில்லை. வசிப்பது கலிபோர்னியா, டுலாரி மாவட்டம், ஸ்ட்ராத்மோர், ஆலிவ் தெரு. மாவட்ட மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே உள்ள காத்திருப்பு அறையில், நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி கேட்க நான் சொல்லிப் பதிவானது.

இன்று காலை மில் ஃப்ளாட் மலைச் சாலையில் நடந்த மோதலில் சம்பந்தப்பட்ட இரண்டு வண்டிகளில் முன்னால் சென்றதை ஓட்டியவள் நான். பின்னால் வந்ததை ஓட்டியவன் என் தம்பி லைல் ஹோஸ்டெட்லர், வயது அறுபத்தாறு. அவன் இப்போது உள்ளே மயக்கத்தில் இருக்கிறான். இடது கால் தங்குமா என்று மருத்துவர் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் பந்தயம் விட்டோம் என்று பின்னால் வந்தவர்கள் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், அது உறுதியானால் கண் விழித்ததும் அவன்மேல் வழக்கு வரும் என்றும் அதிகாரி தெரிவித்தார். அவனால் பேச முடியாததால் நான் பேசுகிறேன்.

எங்கள் இருவருடையதும் ஃபோர்டு வண்டிகள், எங்களைவிட வயதில் மூத்தவை, உடலைத் தாழ்த்திப் பெரிய இன்ஜின் ஏற்றியவை. ஹாட் ராட் என்று சொல்வோம். என்னுடையது கூரையுள்ள சாம்பல் நிற வண்டி. அதில்தான் கடைக்குப் போவேன், நாய்க்குத் தீனி மூட்டை வாங்கி வருவேன். லைலுடையது கூரையில்லாதது, நாவல் பழ நிறம். அவன் அதைக் கட்டி முடித்த நாள் முதல் மூடிய ட்ரெய்லரில் ஏற்றித்தான் கண்காட்சிகளுக்குக் கொண்டு போவான். இறக்கி, கம்பளத்தில் நிறுத்தி, துடைத்துவிட்டு மறுபடி ஏற்றுவான். இதைப் பற்றி எங்களுக்குள் பல வருடமாக வாக்குவாதம் உண்டு. சண்டை கிடையாது. அதிகாரி இந்த வித்தியாசத்தை எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

டிட்டோ பரகான் என்பவர் எங்கள் டஸ்டர்ஸ் வண்டிச் சங்கத்தில் மூத்தவர், தூரிகையால் வண்டிகளில் அலங்காரக் கோடு போடுபவர், சென்ற வாரம் இறந்துவிட்டார். சங்கத்தில் ஒருவர் இறந்தால் அடக்கத்துக்கு எல்லா வண்டிகளும் வரிசையாக ஓடிப் போவது வழக்கம். டிட்டோ சாவதற்கு முன்பே, "என் கடைசி ஓட்டத்துக்கு ட்ரெய்லர்ல வர்றவன் வரவே வேணாம், வீட்லயே இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். அவர் கடைசியாகப் போட்ட கோடுகள் லைல் வண்டியின் கதவுகளில் இருக்கின்றன. அவர் மனைவி சேலோ அதனாலேயே லைலின் வண்டியில்தான் வருவேன் என்று சொன்னார். லைலால் மறுக்க முடியவில்லை.

மில் ஃப்ளாட் தேவாலயத்தில் பூசை முடிந்தது. சவ வண்டி முதலில் கிளம்பிப் போனது. அதன் பிறகு லைல் ட்ரெய்லரிலிருந்து தன் வண்டியை இறக்கினான். சங்கத்தைச் சேர்ந்த ரோலண்ட் டக்கெட் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "என்ன லைல், குழந்தையத் தொட்டில்லேர்ந்து எறக்கிட்டியா? பாத்து, வெயில் பட்டுக் கறுத்துடப் போவுது" என்றார். லைல், "உன் வண்டி எண்ணெ ஒழுகுது, போய்க் கீழ தட்டு வை" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், சேலோவும் சிரித்தார். நான் லைலைத் தனியாக அழைத்து, சேலோவை என் வண்டியில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னேன்.

"போக்கா. எல்லாம் புதுசுக்கா. ஒரு போல்ட்டு கூடத் தேயல" என்றான்.

"தேயலங்கறதுதான்டா எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து சேலோவை உட்கார வைத்தான்.

வாரா வாரம் அந்தச் சாலையில் போய் வருபவள் என்பதால் என்னை முதலில் விட்டார்கள். எனக்குப் பின்னால் லைல். அவனுக்குப் பின்னால் டக்கெட்டும் மற்றவர்களும். சாலை முழுவதும் இறக்கம். வலப்பக்கம் வெட்டிய மண்மேடு, எதிர்ச்சாரியைத் தாண்டி இடப்பக்கம் பள்ளம். அடிவாரத்தில் சாலை பெருஞ்சாலையில் போய் முட்டி முடிகிறது. அந்த முட்டுச் சந்தியில் ஆரஞ்சுப் பழக்கடை இருக்கிறது. இன்று போலச் சனிக்கிழமையானால் அங்கே கார்களும் குழந்தைகளுமாகக் கூட்டம் நிற்கும்.

கண்ணாடியில் பார்த்தபோது லைல் நிறைய இடைவெளி விட்டு வந்தான். என் சக்கரத்திலிருந்து கல் தெறித்து அவன் பெயிண்டில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வந்தான் என்று எண்ணுகிறேன். அதற்காகக் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தான். பின்விளக்கு அணையவே இல்லை என்று டக்கெட்டும் சொல்லியிருக்கிறார். நான் இரண்டாவது கியரில், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கினேன். அப்படி இறங்கினால் அவனுடைய முலாம் பூசிய புகைக் குழாய்கள் சூடேறி நீலம் பூத்துவிடும் என்று அவன் பல முறை சொல்லியிருக்கிறான்.

பிரேக் ஏன் விட்டுப்போனது என்று அதிகாரி கேட்டார். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திறந்து வைத்த பிஸ்கட் பொட்டலத்தை யாரும் தொடாவிட்டாலும் அது நமத்துப் போகிறதல்லவா, அது போல. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரம் ஏறும். ஓடுகிற வண்டியின் எண்ணெயை நாம் மாற்றுகிறோம், ஓடாத வண்டியை யாரும் நினைப்பதில்லை. அந்த ஈரம் சூட்டில் கொதித்து ஆவியாகிவிட்டால், காலை வைத்து அழுத்தும்போது ஆவிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. தண்ணீருக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ஊசிக்குழாயை அழுத்திப் பார்த்தால் தெரியும் என்று சொன்னேன். அதிகாரி உதாரணம் போதும், நடந்ததைச் சொல்லுங்கள் என்றார்.

அதன் பிறகு தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது. அங்கே ஊர்க்காரர்கள் சிலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கையசைத்தார்கள், நானும் அசைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். லைல் இடது கையை உயரத் தூக்கி அசைத்தான். சேலோ இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தார். ஊர்க்காரர்கள் அவர்களுக்கும் அசைத்தார்கள். பின்னால் டக்கெட் தன் தொப்பியையே வெளியே நீட்டி ஆட்டினார்.

லைல் அந்த வண்டியின் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து நான் பார்த்ததே இல்லை. ட்ரெய்லரில் ஏற்றும்போதுகூட இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பான். அந்த வண்டியில் ஹாரன் கிடையாது, முன்பக்க அழகு கெடும் என்று வைக்கவில்லை. கைபிரேக் கிடையாது, தோல் இருக்கைக்கு நடுவே கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் என்று எடுத்துவிட்டான். எல்லாரும் கையசைத்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவன் உதவி கேட்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. சேலோவின் கருப்பு முக்காடு அவிழ்ந்து அவர் முகத்தில் ஒட்டியிருந்தது, அதை எடுக்கக்கூட அவர் கையை இறக்கவில்லை.

அவன் வண்டி என்னை நெருங்கி வந்தது. முதல் கியருக்குத் தள்ளப் பார்த்தான் என்று எண்ணுகிறேன். அந்தக் கியர் பெட்டியில் ஓடும்போது முதல் கியர் விழாது, உள்ளதும் கழன்றுவிடும். பல் உரசுகிற சத்தம் எனக்கே கேட்டது. அதற்கப்புறம் அவனைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

அதன் பிறகு நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வேகம் எடுத்தேன். பந்தயம் என்று மற்றவர்கள் எழுதியது இதைத்தான். அவர்கள் பார்த்தது பொய்யில்லை. வேகமாக வருகிற அவன் மெதுவாகப் போகிற என்மேல் இடித்தால் இருவரும் சாவோம். வகுப்பில் மாணவர்களிடம் முட்டையை எறிந்து பிடிக்கச் சொல்லுவேன். கையைக் கல் மாதிரி நீட்டினால் உடையும், முட்டை வருகிற பக்கமே கையை இழுத்துக்கொண்டு பிடித்தால் உடையாது. அவன் வேகத்துக்கு நானும் ஓடி, அவனை என் முதுகில் வாங்கி, அதன் பிறகு பிரேக் போடலாம் என்று நினைத்தேன். இந்த உதாரணத்தை அதிகாரி நீக்காமல் எழுதிக்கொண்டார்.

என் வண்டியின் பின்னால் கனமான இரும்புக் குழாய் பம்பராக வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும். அந்தக் குழாய்க்கும் எனக்கும் நடுவில்தான் பெட்ரோல் தொட்டி இருக்கிறது. காலையில்தான் நிரப்பியிருந்தேன். இது எனக்கு அப்போது தெரியும், மறந்திருக்கவில்லை.

இரும்பில் இரும்பு படும் சத்தம் வந்தது. என் கழுத்து பின்னால் போய் முன்னால் வந்தது. கண்ணாடியில் லைலின் முகம் மிக அருகில் தெரிந்தது, வாய் திறந்திருந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். டயர் கருகும் வாசனை வந்தது. இரண்டு வண்டிகளும் ஒட்டிக்கொண்டே இறங்கின. வேகம் குறைந்தது, ஆனால் போதுமான அளவு குறையவில்லை. கடைசி வளைவைத் திரும்பியதும் சந்தி தெரிந்தது. பழக்கடையின் ஆரஞ்சு நிறப் பந்தல் தெரிந்தது. அங்கே போய்ச் சேருவதற்குள் நிற்காது என்று கண்டு, வலப்பக்கம் சரளைக் கல்லில் இறக்கி மண்மேட்டில் உரசினேன். என் வண்டி உரசிக்கொண்டு நின்றது. லைலின் வண்டி என் பம்பரிலிருந்து நழுவி, மேட்டில் ஏறி, ஓட்டுநர் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

சேலோ அவன்மேல் விழுந்திருந்தார். அவரைத் தூக்கி வெளியே விட்டேன், மணிக்கட்டு மட்டும் உடைந்திருந்தது. லைலின் கால் கதவுக்கும் மண்ணுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. பெட்ரோல் வாசனை வந்தது, என் வண்டியிலிருந்தா அவனுடையதிலிருந்தா என்று தெரியவில்லை. நான் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது டக்கெட் ஓடி வந்து, "சாவு ஊர்வலத்துல ரேஸ் விடுறீங்களா? வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று கத்தினார். சேலோ அவரிடம், "வாய மூடு ரோலண்ட், சிகரெட்ட அணை" என்றார். அப்போதுதான் டக்கெட் தன் கையைப் பார்த்தார்.

நான் லைலின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவனுக்கு நினைவு இருந்தது.

"அக்கா, சேலோ?"

"நல்லா இருக்காடா. நின்னுக்கிட்டுத் திட்டிக்கிட்டு இருக்கா."

"நீ வேகம் எடுத்தியா, என்ன விட்டுட்டுப் போறியோன்னு நெனச்சேன்கா."

"போவேனாடா?" என்றேன்.

அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு மயங்கிவிட்டான். மீட்பு வண்டி வரும் வரை விரலை விடவில்லை.

இதுவரை சொன்னதை வைத்துப் பந்தயம் என்ற சந்தேகம் நீங்கும் என்றும், சேலோ பரகானும் இதையே சொல்லியிருப்பதாகவும் அதிகாரி தெரிவித்தார். அதன் பிறகு அவர் இன்னொன்று கேட்டார். சாலையில் என் டயர்கள் போட்ட கருப்புத் தடம் கடைசி வளைவுக்கு முன்னால் அறுந்துபோய், கொஞ்ச தூரம் இல்லாமல், மறுபடி தொடங்குகிறதே, அது ஏன் என்று கேட்டார். சாலையில் ஈரமோ மணலோ இருந்திருக்கலாம், அப்படி இருந்தால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார்.

ஈரமும் இல்லை, மணலும் இல்லை. அந்த இடத்தில் நான் பயந்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் தகடு கிழிகிற சத்தம் கேட்டது, தொட்டி கிழிகிறது என்று நினைத்தேன். நெருப்பில் வேகப் போகிறேன் என்று நினைத்தேன். எதிர்ச்சாரி காலியாக இருந்தது. கொஞ்சம் திருப்பினால் நான் விலகிவிடலாம், அவர்கள் நேராகப் பழக்கடைக்குப் போவார்கள். நான் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பவும் ஆரம்பித்தேன். எங்கள் வண்டிகள் பிரிந்தன. கண்ணாடியில் லைல் மறுபடி கையைத் தூக்குவது தெரிந்தது. அதன் பிறகுதான் திரும்பவும் அவன் முன்னால் வந்து பிரேக் போட்டேன். நான் காலை எடுக்காமல் இருந்திருந்தால் சரளைக்கு இறங்காமலே நின்றிருக்கக்கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், இங்கே உட்கார்ந்து பல தடவை போட்டுப் பார்த்தேன்.

போவேனாடா என்று அவனிடம் நான் கேட்டது சரியான பதில் அல்ல. போகப் பார்த்தேன். இந்தப் பகுதியை நீக்கிவிடலாம், வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவன் கண் விழித்ததும் யாரும் சொல்வதற்கு முன் நானே அவனிடம் சொல்ல வேண்டும். உள்ளே கூப்பிடுவார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கூப்பிட்டுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் 'தடுமாறி' என்று இருந்ததை 'பயந்து' என்று என் கையால் திருத்தினேன். மற்றபடி எழுதியிருப்பது எல்லாம் நடந்ததே, யாரும் வற்புறுத்திச் சொன்னதல்ல.

(ஒப்பம்) வெர்னா ஹோஸ்டெட்லர்