ஞாயிற்றுக்கிழமைக் கத்தி

ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் ஆட்கள் அந்தச் சவரக்கத்தியை ஈரத்தோடேயே பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். யாரையாவது விட்டுத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்கச் சொல்லுங்கள். பழைய எஃகு, ஒரே நாளில் துருப்பிடித்துவிடும்.

என் பெயர் ஓட்மார் க்னெஷ்ட். போன ஞாயிறோடு எழுபது முடிந்தது. கத்திக்குப் பேர்போன நம் சோலிங்கன் ஊர்ப் பட்டறைகளில் கத்தி தீட்டியே முதுகு கூனியவன். ஓய்வு பெற்றபின் பழைய மடக்குச் சவரக்கத்திகளைத் தேடி வாங்கிச் செப்பனிடுகிறேன். என் பழைய நண்பன் ரைன்ஹோல்டுக்கும் அதே பைத்தியம்தான். ஆனால் அவன் தபால்காரன், பட்டறையில் ஒருநாளும் நின்றதில்லை.

அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் கிழமைக்கு ஒன்றாக ஏழு கத்தி வைத்திருப்பார்கள். கத்தியின் முதுகில் கிழமையின் பெயர் பொறித்திருக்கும். அப்படி ஒரு பெட்டி சிதறிப் போயிருந்தது. அதன் திங்கள் முதல் சனி வரை ஆறு கத்திகளையும் இருபத்திரண்டு வருடம் அலைந்து சேர்த்தேன். ஞாயிறு மட்டும் ரைன்ஹோல்டிடம் இருந்தது. என்ன விலை சொன்னாலும் தரமாட்டான்.

"நான் போனாத்தான்டா உனக்கு ஞாயித்துக்கிழமை" என்பான்.

"அப்ப சீக்கிரம் கிளம்பேன்டா" என்பேன். இருவரும் சிரிப்போம்.

மூன்று வருடமாக அவனுக்குக் கை நடுக்கம். சனிக்கிழமை காலைதோறும் நான்தான் போய்ச் சவரம் செய்துவிடுவேன். மனைவி இறந்தபின் அவன் முகத்தைத் தொட்ட கை என்னுடையது மட்டும்தான். கழுத்தை அண்ணாந்து கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான், சிலநாள் தூங்கியும் விடுவான். எனக்கு அது அலுத்துப்போயிருந்தது. ஆனாலும் ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை.

என் பிறந்தநாளன்று ஒரு துணிப்பொட்டலத்தை நீட்டினான். பிரித்தால் ஞாயிற்றுக்கிழமைக் கத்தி, கண்ணாடி மாதிரி மின்னியது.

"நாலு நாள் நானே உக்காந்து மெருகு போட்டேன்டா. நீயே வச்சுக்கோ. நான் போற வரைக்கும் எதுக்குக் காத்துக் கிடக்கணும்?"

நடுங்கும் கையோடு மின்சாரச் சக்கரத்தில் பிடித்திருக்கிறான். பொறித்த எழுத்து பாதி கரைந்திருந்தது. கூர் ஓரத்தில் நகக்கீறல் அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எஃகு சூடேறி நீலம் பாய்ந்தால் கத்தி செத்துவிட்டது. பிறகு அதில் கூர் நிற்காது.

நன்றி சொன்னேன். அவன் வாங்கிவந்த கேக்கையும் சாப்பிட்டேன். கோபம் வரவில்லை. இருபத்திரண்டு வருடக் களைப்பும் ஒன்றாகச் சேர்ந்து வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

வாயால் சொல்லியிருக்கலாம். சொன்னால், "தீட்டுனா சரியாயிடும்டா" என்று தட்டிவிடுவான். அதனால் அந்தக் கத்தியை அவன் தோலிலேயே வைத்துக் காட்ட நினைத்தேன். மழிக்காது, வலிக்க இழுக்கும், செய்த காரியம் அப்போது உறைக்கும். என் எண்ணத்தில் வேறொன்றும் இல்லை.

இன்று காலை வழக்கம்போல் போனேன். நுரை குழைத்துத் தடவி, இரண்டு கன்னத்தையும் சனிக்கிழமைக் கத்தியால் சுத்தமாக மழித்தேன். வேலையை அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. பிறகு மற்றதை எடுத்தேன்.

"என்னடா, கத்திய மாத்துற?" என்றான், கண்ணைத் திறக்காமல்.

"நீ குடுத்ததுதான்."

அவனுக்கு ஒரே சந்தோஷம். கழுத்தை இன்னும் கொஞ்சம் அண்ணாந்து கொடுத்தான்.

ஒரே இழுப்புத்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. கத்தியைக் கழுவிவிட்டு நானே உங்களுக்குப் போன் செய்தேன். ஆமாம், அவனைக் கொன்றது நான்தான்.

செத்த கத்தி எப்படி அறுத்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நீலம் ஓரத்தில் மட்டும்தான் இருந்தது. ஐந்து நாள் கல்லில் வைத்து அதை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டேன். உள்ளே நல்ல எஃகு இருந்தது. பிறகு தோல் வாரில் அறுபது இழுப்பு. வீட்டை விட்டுக் கிளம்புமுன் முன்கை மயிரில் வைத்துப் பார்த்தேன், பட்டதும் உதிர்ந்தது. அதற்கப்புறம்தான், அது மழிக்காது என்று அவனுக்குக் காட்டுவதற்காக, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.