டாலிவருக்குப் போட்ட வேலி

...இல்ல தம்பி, நான் கேக்குறேன், ஒரு காலேஜுக்கு இதவிட மானக்கேடு வேற இருக்கா? நம்ம டாலிவர் மாவட்டத்துல பொறந்து, நம்ம குளத்துக் கெளுத்தி மீனத் தின்னு வளந்த பசங்க, ஆத்துக்கு அந்தாண்ட போயி லாங்டன் காலேஜ்காரன் பச்சைச் சட்டையப் போட்டுக்கிட்டுத் திரும்பி வந்து நம்மளையே மிதிச்சா... கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க, அந்தப் பலகை ஈரம். அட, உக்கார மெத்தை கொண்டாந்திருக்கீங்களா! வெவரமான ஆளுதான். அதென்ன, படம் போட்ட பக்கத்தக் கீழ வெச்சு உக்காந்திருக்கீங்க? ...ஓ, சாயம் ஒட்டுமா? வாஸ்தவந்தான். என் மெத்தையும் அப்படித்தான் ஒட்டுச்சு. ஒரு கோவேறு கழுதை முழுசா என் பாவாடை பின்னாடியே சர்ச்சுக்கு வந்துருச்சு. பாதிரியார் பிரசங்கத்த நிறுத்திட்டுப் பாத்தாரு.

கோவேறு கழுதைதான் எங்க மேவில் காலேஜ் ஃபுட்பால் டீமோட சின்னம். சிரிக்காதீங்க. ஜெயிச்ச காலத்துல எவனும் சிரிக்கல.

நான் நெல்டா. நெல்டா ஹக்கபி. அதோ பாருங்க, கம்பி ஓரமா, மெரூன் கலர் ஜாக்கெட்டு, கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரே... அது எங்க வீட்டுக்காரர். ராய்ஸ். மேவில்ல துணைக் கோச்சு. பள்ளிக்கூடப் பசங்கள்ல எவன் தேறுவான்னு பாத்து, அவன் வீட்டுல போயிப் பேசி, நம்ம காலேஜுக்கு இழுத்துட்டு வரணும். அதான் வேலை. இன்னைக்கு இந்தப் பள்ளிக்கூட ஆட்டத்துக்கும் அதுக்குத்தான் வந்திருக்காரு. என்னையும் கூட்டிட்டு வந்தாரு, வரும்போதே கார்ல ஒரு உபதேசம். "நெல்டா, உனக்குப் புண்ணியமாப் போவுது, மேல போயி உக்காந்து வாய மூடிக்கிட்டு ஆட்டத்தப் பாரு." கேட்டீங்களா? முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்துனவகிட்ட பேசுற பேச்சா இது? நான் என்ன ஊரெல்லாம் தண்டோராவா போடுறேன்?

...ஆ! பாத்தீங்களா, தலைக்கவசமும் தலைக்கவசமும் மோதுன அந்த இடி? நாங்க பாக்க வந்த பையன் இல்ல, இவனுங்க வேற. இருங்க, வருவான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், ஜெயிச்ச காலம். அப்போ பர்ல் ஸ்டாம்ப்ஸ்னு ஒரு பெரிய கோச் இருந்தாரு. மனுஷன் ஒரே ஒரு சட்டம்தான் வெச்சிருந்தாரு. ஒரு டேங்க் பெட்ரோல்ல போயிட்டுத் திரும்பி வர முடியாத ஊர்ல எந்தப் பையனையும் பாக்க மாட்டாரு. "அதுக்கு மேல போனா அவங்கம்மா ஆட்டம் பாக்க வரமாட்டா, அம்மா வராத பையன் ஆட்டத்தோட கடைசிக் கால்வாசியில தளந்துருவான்"பாரு. வெள்ளிக்கெழம பள்ளிக்கூடத்துல ஒருத்தன ஒருத்தன் மூக்க ஒடச்ச பசங்க, அடுத்த வருஷம் மேவில்ல தோளோட தோள் ஒட்டி நிப்பானுங்க. ஸ்டேடியம் பூரா அத்தை, மாமா, சித்தப்பன், பங்காளி... ஒரு பையன் கீழ விழுந்தா நாப்பது பேரு எந்திரிப்பாங்க. நாலு தடவ கோப்பை! அந்த ஆளுக்குப் பெரிய மூளையெல்லாம் கெடையாது தம்பி. கூப்பிட்ட வீட்டுலெல்லாம் உக்காந்து சாப்பிடுவாரு, அவ்வளவுதான்.

அப்பறம் அவரு ரிடையர் ஆனாரு. காலேஜ்ல இருக்கிற பெரிய மனுஷங்களுக்கு ஆசை வந்துருச்சு. "நாம ஏன் டாலிவர் மாவட்டத்துக்குள்ளயே முடங்கிக் கெடக்கணும்?" கெடந்தா என்னய்யா? கோப்பைதானே வந்துச்சு? கேக்கலியே! கடற்கரைப் பக்கத்துலேர்ந்து கிப் வேண்டர்மீர்னு ஒருத்தன் பெரிய கோச்சா வந்தான். பல்லு அவ்வளவு வெள்ளை. ஆபீஸ்ல செவுரு பூரா அமெரிக்க மேப்பு, அதுல கலர் கலரா குண்டூசி. கலிபோர்னியாவுல எட்டு ஊசி, புளோரிடாவுல பத்து ஊசி. டாலிவர்ல ஊசி இருக்கான்னு, ஒரு தடவ ஊருக்கு வந்திருந்தப்ப நானே மூக்குக் கண்ணாடியப் போட்டுத் தேடுனேன். மேப்ப மாட்டுறதுக்கு அடிச்ச ஆணி ஒண்ணு இருந்துச்சு, அவ்வளவுதான்.

பசங்க வந்தானுங்க. நல்ல பசங்கதான், நான் கொற சொல்ல மாட்டேன். ஆனா கொசுவப் பாத்து அலறுனானுங்க. வெண்டைக்காய் வறுவலத் தட்டு ஓரமா ஒதுக்குனானுங்க. ஒருத்தன் காலைல புல்லு மேல பனி வெள்ளையாப் படிஞ்சிருக்கிறதப் பாத்துட்டு அவங்கம்மாவுக்கு போன் போட்டு அழுதான். நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் பண்டிகை லீவுக்கு ஊருக்குப் போனவனுங்கள்ல பாதிப்பேரு திரும்பியே வரல! டிசம்பர் ஆட்டத்துக்கு ஆளு தேறாம, தண்ணி பாட்டில் குடுக்கிறவனுக்கெல்லாம் தலைக்கவசத்த மாட்டி விட்டாங்க.

இதுல பாருங்க, மொத ரெண்டு வருஷம் ஒண்ணும் தெரியாது. பழைய கோச்சு சேத்துவெச்ச பசங்க இருப்பாங்க, வண்டி ஓடும். வேண்டர்மீரும் பல்லக் காட்டிக்கிட்டு டிவியில வருவான். மூணாவது வருஷந்தான் வலி தெரியும். அதுக்குள்ள இங்க இருக்கிற பள்ளிக்கூடக் கோச்சுங்களுக்கெல்லாம் நம்ம மேல கோவம். "அன்னைக்கு எங்க பசங்கள எட்டிப் பாத்தீங்களா?" போனே எடுக்கல. அந்த எடத்துல லாங்டன்காரன் வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டான். அள்ளிட்டுப் போயிட்டான் தம்பி, அள்ளிட்டு! எங்க பசங்களையே வெச்சு எங்கள அம்பத்தாறுக்கு மூணுன்னு அடிச்சான். அந்த மூணு பாயிண்டும் காத்து பந்தத் தூக்கிட்டுப் போயிப் போட்டது.

...சோளச் சிப்ஸ் சாப்பிடுறீங்களா? கீழ கடையில வாங்குனது. பாக்கெட்டக் கிழிச்சு மேலயே கறிக்கொழம்ப ஊத்தித் தர்றாங்க. எடுத்துக்குங்க, வெக்கப்படாதீங்க. நீங்க பேச்சே குடுக்க மாட்டேங்கிறீங்க, நல்ல சுபாவம். இந்தக் காலத்துல காது குடுத்துக் கேக்க யாரு இருக்கா?

சரி, வேண்டர்மீரத் தொரத்தியாச்சு. இப்ப இருக்கிற பெரிய கோச்சு புத்திசாலி. வந்த மொத நாளே சொன்னாரு, "டாலிவர் மாவட்டத்தச் சுத்தி வேலி போடணும். உள்ள இருக்கிற ஒரு பையன் வெளிய போகக் கூடாது." வேலிக்கு ஆளு யாரு? இந்த மண்ணுல பொறந்த ராய்ஸ்தான்! அப்படித்தான் வெளியூர் காலேஜ்ல இருந்த நாங்க திரும்பி வந்தோம். கோச்சுப் பெண்டாட்டி பொழப்பு தெரியுமா உங்களுக்கு? டீம் தோத்தா மொதல்ல எங்க வீட்டுல அட்டைப்பெட்டி கட்டணும். இது எங்களுக்கு ஏழாவது வீடு. ஆறு வீட்டுலயும் நான் செவுத்துல ஒரு ஆணி அடிச்சதில்ல. எதுக்கு, புடுங்கத்தானே போறோம்? இந்த வீட்டுலதான் மொத தடவையா அடிச்சேன். எங்கம்மா படத்த மாட்டியிருக்கேன். தெனம் காலைல காப்பியோட அதப் பாத்துக்கிட்டு நிப்பேன்.

ஆனா வேலியில எங்கயோ ஓட்டை இருக்கு தம்பி! போன வருஷம் ராய்ஸ் ஒரு பையனக் கண்டுபுடிச்சாரு. ஓட்டத்துல முயல் மாதிரி. யாருக்குமே தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டுந்தான். ஒரு வாரத்துல லாங்டன்காரன் அவன் வீட்டு வாசல்ல நிக்கிறான்! எப்படி? எவனோ வாய விட்டிருக்கான். ராய்ஸ் மூணு நாளு சோறு தண்ணி இல்லாம யோசிச்சாரு. நானும் யோசிச்சேன். அதுக்கு முந்துன வாரம் பியூட்டி பார்லர்ல பக்கத்து நாற்காலியில முடிக்குச் சாயம் போட்டுக்கிட்டிருந்த அம்மாகிட்ட மட்டுந்தான் சொல்லிப் பெருமைப்பட்டேன். அது ஆத்துக்கு அந்தாண்டேர்ந்து வந்த அம்மா, தங்கமான மனுஷி. அந்தப் பையன் பேரு, தெரு எல்லாம் எவ்வளவு அக்கறையா விசாரிச்சுது தெரியுமா?

...அதோ! அதோ வந்துட்டான்! எழுபத்தேழாம் நம்பர் சட்டை! பாருங்க, பாருங்க... அம்மாடியோவ்! மூணு பேர ஒரே தள்ளுல வாரிக் குப்பையில கொட்டுன மாதிரி! அதான் தம்பி எங்க பையன். ட்ரெமெய்ன் ஓட்ஸ். இவன் ஒருத்தன் முன்வரிசையில மறிச்சு நின்னா பின்னாடி இருக்கிறவன் பந்த வெச்சுக்கிட்டுப் பேப்பர் படிக்கலாம். புதன்கெழமதான் பசங்க எந்தக் காலேஜுன்னு கையெழுத்துப் போடுற நாளு. இவன் மேவிலுக்குக் கையெழுத்துப் போட்டா ராய்ஸுக்கு இன்னும் மூணு வருஷம் வேலை. போடலேன்னா... பெரிய கோச்சு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, "ராய்ஸ், ரெண்டாவது தடவையும் வேலி தாண்டுச்சுன்னா வேலியத்தான் மாத்தணும்." அன்னைக்கு ராத்திரி அவரு தூங்கல. நானும் தூங்கல. பயமா இருக்கு தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன.

இவன் பேரு ஏன் எந்தப் பட்டியல்லயும் இல்லேன்னு கேக்குறீங்களா? கேக்கல? பரவால்ல, சொல்றேன். போன வருஷம் வரைக்கும் இவன் ஃபுட்பாலே ஆடல! பள்ளிக்கூட பேண்டுல இருந்தான். ஒடம்பச் சுத்திக்கிட்டுப் பெரிய பித்தளை வாய் இருக்கும் பாருங்க, சூசஃபோன், அத ஊதிக்கிட்டு இருந்தான். ராய்ஸ் பாத்தாரு... அத மாட்டிக்கிட்டு ஒரு பையன் படியில ஓடுறத. ஓடுறான் தம்பி, மூச்சு வாங்கல. அங்கதான் புடிச்சாரு. இப்பவும் பாருங்க, பாதி ஆட்டம் முடிஞ்சதும் மத்தவனுங்க ஓய்வெடுக்க உள்ள போவானுங்க, இவன் தோள்கவசத்தோடயே சூசஃபோன மாட்டிக்கிட்டு மைதானத்துல நிப்பான்.

அதுலதான் இருக்கு சூட்சுமம். கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. இது யாருக்கும் தெரியாது. பையன் போற காலேஜ்ல ஃபுட்பாலும் ஆடணும், பேண்டுலயும் ஊதணும். ரெண்டுல ஒண்ண விடுன்னா வரமாட்டான். வேற எவனும் இதக் கேக்கவே இல்ல! எல்லாரும் ஸ்டேடியம் எவ்வளவு பெருசுன்னு அளந்துட்டுப் போயிடுறானுங்க. ராய்ஸ் எங்க பேண்டு வாத்தியார் கால்ல விழாத கொறையாச் சம்மதம் வாங்கி வெச்சிருக்காரு. ஞாயித்துக்கெழம அவங்க வீட்டுல சாப்பாடு. அன்னைக்குத்தான் போட்டு ஒடைக்கப் போறாரு.

முடிவு பண்றது அவங்கம்மா ஒலீட்டாதான். அப்பன் இல்ல. நேத்து வந்த கோச்சு ஒருத்தன் டயட்டுன்னு சொல்லிச் சாப்பிடாம எந்திரிச்சான், அவன் காலேஜ் பேர அந்த வீட்டுல இனிமே சொல்லக்கூட முடியாது. ஒலீட்டா சக்கரவள்ளிக்கெழங்குல பை சுடும், இனிப்பு அப்பம் மாதிரி. அது வேணுமான்னு கேக்குறதுக்கு முன்னாடியே நாமளா ரெண்டாவது துண்டு கேட்டு வாங்கணும். கேட்டுட்டீங்கன்னா, கத முடிஞ்சுது, பையன் உங்களுக்குத்தான்... அதாவது, எங்களுக்கு. அதோ, கீழ கடையில தொப்பி போட்டுக்கிட்டுக் கொழம்பு ஊத்துறாங்களே, அவங்கதான் ஒலீட்டா. ஜன்னல்ல பை கூட அடுக்கியிருக்கு பாருங்க.

எங்க எந்திரிச்சுட்டீங்க? பசிக்குதா? போயிட்டு வாங்க தம்பி, போயிட்டு வாங்க, எடம் நான் பாத்துக்கிறேன். ஆட்டத்த விட்டுறாதீங்க, இப்பத்தான் பேண்டு வரப்போவுது.

...நல்ல பையன். எந்த ஊருன்னுகூடக் கேக்கல பாரு நான்.

அட, ட்ரெமெய்ன் வந்துட்டான்! பித்தள எப்படி மின்னுது! ராய்ஸ் எங்க... ஆ, சிரிக்கிறாரு. கண்ணு அவன் மேலயே. ரொம்ப நாளைக்கப்பறம் சிரிக்கிறாரு.

கடையில என்ன கூட்டம்? அந்தத் தம்பி தொப்பியக் கழட்டிக்கிட்டு நிக்குது. மரியாதை தெரிஞ்சது. பை வாங்குது. தின்னுடுச்சு. ஒலீட்டா ஏன் அப்படிச் சிரிக்குது? தம்பி தட்ட மறுபடியும் நீட்டுது, ரெண்டாவது...

ரெண்டாவது துண்டா?

இப்ப எதுக்கு மைதானத்தப் பாத்துக் கை நீட்டுது? ஊதுற மாதிரி ரெண்டு கையயும் வளச்சுக் காட்டுது! ஒலீட்டா தலைய ஆட்டுது... கண்ணத் தொடச்சுக்குது...

இரு. இரு இரு. மெத்தைய விட்டுட்டுப் போயிருச்சே. திருப்பிப் பாக்குறேன்...

பச்சை.

பச்சைப் பருந்து. லாங்டன்.

ஐயையோ. ஏசுவே. தம்பி! ஏ தம்பி! ...பேண்டு சத்தத்துல எங்க கேக்கும்.

ராய்ஸ் மேல பாக்குறாரு. கைய ஆட்டுறாரு. "பேசாம இருக்கியா?"ன்னு வாயில வெரல வெச்சுக் காட்டுறாரு... சிரிச்சுக்கிட்டே. நானும் தலைய ஆட்டிட்டேன். இத எங்க ஒளிக்கிறது? உக்காந்துக்கிறேன் மேல. படத்தக் கீழ வெச்சு.

...வாங்கம்மா, உக்காருங்க, எடம் காலிதான். அந்தத் தம்பி இனிமே வராது. அழல, குளுருல கண்ணு கலங்குது. ஆமா, ஆட்டம் நல்லாத்தான் போவுது. ஆனா இந்த ஊருல ஒரு ரகசியம் நிக்க மாட்டேங்குதும்மா. எவனோ வாய விட்டுறான்... நீங்க எந்த ஊரு? ஒண்ணு சொல்லுங்க, செவுத்துல ஆழமா அடிச்ச ஆணிய, சுண்ணாம்பு பேராமப் புடுங்குறது எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா?